தாத்தா ஏன் வாய் திறக்கவில்லை? பர்மா போய் வந்த தோட்டத்துச் சிப்பாய்கள்

எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். மழை பலமாக அடித்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் கிடையாது. வாசலில் உட்கார்ந்து விடிய விடிய பீடி பிடிப்பார். தட்டில் யாராவது சோற்றை மிச்சம் வைத்தால் அடி விழும். சிடுமூஞ்சிக் கிழவர் என்றுதான் பிள்ளைகள் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மா வரை போனவர் என்பது, அவர் இறந்த பிறகு பாட்டி சொல்லித்தான் தெரிந்தது.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றதும், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் படையில் சேர்ந்தார்கள். இந்திய விடுதலை வேகம் ஒரு காரணம். ஜப்பான்காரன் காலத்தில் பால்மரம் சீவும் வேலை படுத்துவிட, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாகிப் போனது இன்னொரு காரணம். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்ததற்குப் பயந்து சேர்ந்தவர்களும் உண்டு. இதைச் சொல்வதால் அவர்கள் தியாகம் குறைந்துவிடாது.

சேர்ந்த எல்லாரும் போர்முனைக்குப் போகவில்லை. போனவர்கள் பட்டதுதான் கொடுமை. 1944இல் இம்பால் தாக்குதல் தோற்று, ஜூலையில் கொட்டும் மழையில் படை பின்வாங்கியது. அரிசி இல்லை, மருந்து இல்லை. மலேரியாவும் சீதபேதியும் குண்டைவிட அதிகம் பேரைக் கொன்றன. நடக்க முடியாதவர்களைக் காட்டுப் பாதையிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது.

வீட்டில் இருந்த மனைவிக்கோ கடிதமும் இல்லை, காசும் இல்லை. புருஷன் பர்மாவில், அண்ணன் சயாமில் என்று இரண்டு பக்கமும் இழந்து நின்ற குடும்பங்களும் இருந்தன.

1945இல் ஜப்பான் சரணடைந்ததும் உயிர் பிழைத்தவர்கள் திரும்பினார்கள். எங்கே? அதே தோட்டம், அதே வெள்ளைக்காரத் துரை. அந்தச் செப்டம்பரில், சிங்கப்பூர் கடற்கரையில் இருந்த இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னத்தையே பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் காலைப் பெரட்டில் நின்றுகொண்டு, "நான் அந்தப் படையில் இருந்தவன்" என்று யார் சொல்வார்? மூன்று வருஷத்தில் அவசரகாலமும் வந்தது. வாயை மூடுவதே பழக்கமாகிவிட்டது.

ஜான்சி ராணிப் படையிலிருந்த ஜானகி ஆதி நாகப்பன் போன்ற சிலர் பிற்காலத்தில் பேசினார்கள், மதிக்கவும் பட்டார்கள். தோட்டத்துச் சிப்பாயிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

கெட்ட கனவு, திடுக்கிடல், காரணமில்லாத கோபம், பழையதைப் பற்றிப் பேச மறுப்பது எல்லாம் போர் விட்டுச்செல்லும் மனக்காயத்தின் அறிகுறிகள் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை ஒரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்ததே 1980இல்தான். தோட்டத்தில் அதற்குப் பெயர் "பேய் பிடிச்சிருக்கு". மருந்து கள்ளுக்கடை. அடி வாங்கியது பெரும்பாலும் மனைவியும் பிள்ளைகளும். அப்பா என்றாலே பயம் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியாது.

பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். "ராத்திரியில கத்துவாரு ஐயா. நான் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்றார்.

என்ன கத்துவார்?

"ஒரு ஆளு பேரத்தான். கூட நடந்து வந்தவராம். வேற ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல."