செக்போஸ்ட் கடந்த டெல்டா: உங்களுக்குத் தெரியுமா?

நாட்டின் எல்லை என்றதும் பனிமலையும் முள்வேலியும்தான் பலருக்கு நினைவு வரும். காவிரி டெல்டாக்காரர்களுக்கோ எல்லை எப்போதும் பக்கத்து ஊரில்தான் இருந்திருக்கிறது. சுங்கத்துறை, கோட்டை வாசல், நோய்த்தடுப்பு முகாம், அரிசி செக்போஸ்ட், மதுவிலக்குச் சோதனை, விமான நிலைய இமிக்ரேஷன் கவுன்டர் என்று யாராவது ஒருவர் இவர்களை நிறுத்தி, மூட்டையைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் நின்றவர்கள் பக்கமிருந்து சில செய்திகள் இங்கே. நாளை நாமும் நிற்க வேண்டி வரலாம். விதி தெரிந்து நிற்பவருக்குக் கை நடுங்காது.

புகாரில் புலி முத்திரை

டெல்டாவில் நாம் அறிந்த மிகப் பழைய சோதனைச் சாவடி, புகார் என்னும் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை அதைக் காட்டுகிறது. கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு, கப்பலேறப் போகும் சரக்கு இரண்டுக்கும் சோழரின் புலிச் சின்னம் பொறித்த பிறகே வழிவிட்டார்கள். சுங்கக் காவலர்கள் சலிப்பில்லாமல் வேலை பார்த்ததையும் புலவர் சொல்கிறார். பல நூற்றாண்டுகள் கழித்து, முதலாம் குலோத்துங்கனுக்கு (1070–1120) ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் வந்தது. எத்தனையோ போர்களில் வென்ற மன்னனை, சுங்கத்தை நீக்கியவன் என்று சொல்லி மக்கள் நினைவில் வைத்தார்கள். சுங்கச் சுமை எவ்வளவு கனத்திருக்கும் என்பதற்கு அதுவே சான்று.

வசூலித்தவர்களும் நாம்தான்

சுமத்ரா தீவின் பாருஸ் பகுதியில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஆண்டு 1088. வெட்டியவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். அங்கே வரும் மரக்கலத்தார், கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பொன் செலுத்த வேண்டும் என்கிறது அது. கடல் தாண்டிய ஊரில் வாசலில் நின்று வரி வாங்கியவர்கள் தமிழ் வணிகர்கள்! எல்லையில் நம்மை நிறுத்துபவர் மீது கோபம் வரும்போது, இந்தக் கல்லையும் நினைத்துக்கொள்ளலாம்.

தங்க ஓலையும் கோட்டை வாசலும்

1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். அவர் டென்மார்க் அரசருக்கு எழுதிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. ஊரைச் சுற்றி மதில் எழுந்தது. தரைவழி வருபவர்கள் நுழைய ஒரு வாசல் வைத்தார்கள். 1792-இல் திருப்பிக் கட்டப்பட்ட அந்த வாசல், டேனிஷ் அரச முத்திரையோடு இன்றும் நிற்கிறது. 1845-இல் தரங்கம்பாடியையும் இந்தியாவிலிருந்த மற்ற சில இடங்களையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

ஒரே கரையில் நான்கு ஆட்சி

1739-க்கும் 1760-க்கும் இடையில் தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் வரை நடந்தவர் எத்தனை ஆட்சிகளைக் கடந்தார் தெரியுமா? தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். இடைப்பட்ட வயலும் ஊரும் தஞ்சை மராட்டியர் வசம். இன்று பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற தூரம் அது.

ஒரே கப்பல், இரண்டு நீதி

மலேயா தோட்டங்களுக்குப் போன டெல்டா மக்களுக்கு நாகப்பட்டினம்தான் வாசல். 1922-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்கீழ் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் கூலியாட்களுக்கான டிப்போக்கள் இயங்கின. பெயர் பதிந்து, மருத்துவர் பார்த்த பிறகே கப்பல். அக்கரையில் மறுபடி சோதனை. பினாங்கில் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு ஆகிய இடங்களில் நோய்த்தடுப்பு முகாம்கள் இருந்தன. டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுக்குத்தான் அந்த முகாம் காத்திருந்தது. கேபின் டிக்கெட்காரர்கள் பெரும்பாலும் நேரே கரையேறினார்கள். கிருமி டிக்கெட் பார்த்துத் தொற்றுவதில்லை. வேற்றுமை பார்த்தது விதிதான். 1926 முதல் 1973 வரை ஓடிய ராஜூலா கப்பலை டெல்டாவில் இன்றும் பெயர் சொல்லிப் பேசும் குடும்பங்கள் உண்டு.

இந்திய மண்ணில் இலங்கையின் வாசல்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை இலங்கை அரசு இந்தியக் கரையிலேயே சோதித்தது. மண்டபம் முகாமில் தங்கவைத்து, உடல்நிலை பார்த்து, அம்மை குத்திய பிறகே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் அனுப்பினார்கள். 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்போது தாயகம் திரும்பியோருக்கும் அதே மண்டபம்தான் முதல் வாசல். 1983-க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்தவர்களும் அங்கேதான் பெயர் பதிந்தார்கள். கூலியாய்ப் போனவர், குடியுரிமை இழந்து வந்தவர், உயிர் பிழைக்க வந்தவர் என்று மூன்று தலைமுறைத் துயரத்தை ஒரே முகாம் பார்த்திருக்கிறது.

சோறு போட்டால் சிறை

1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகிகள் நடந்தபோது, தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் ஓர் உத்தரவு போட்டார். நடப்பவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவருக்குத் தண்டனை. கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் சிறை சென்றார். ஆனால் டெல்டா மக்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று போலீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள்; 30-ஆம் தேதி உப்பள்ளினார்கள். பசித்து வரும் வழிப்போக்கனுக்குச் சோறு போடுவதை எந்த உத்தரவாலும் தடுக்க முடியாது என்று நெல் விளையும் மண் காட்டிய நாட்கள் அவை.

சொந்த ஊருக்குள் வெளிநாடு

இந்தியா விடுதலை பெற்ற பிறகும் காரைக்கால் பிரெஞ்சு மண்ணாகவே இருந்தது. 1941-இல் செய்த சுங்க உடன்பாடு 1949-இல் முடிவுக்கு வந்ததும், பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றி இந்தியச் சுங்கக் காவல் இறுகியது. இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் வீடு என்று வாழ்ந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவுக்கு மாறியது. 1962-இல் சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாதத் தவணை கிடைத்தது. ஒரே தெருவில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வீடும் இந்தியப் பாஸ்போர்ட் வீடும் அடுத்தடுத்து இருக்கும் ஊராகக் காரைக்கால் ஆனது அப்படித்தான்.

திருநள்ளாறு பஸ்ஸில் போலீஸ் ஏறினால்

கோடு இன்னும் அழியவில்லை. கும்பகோணத்திலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ திருநள்ளாறு போகிறவர் புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்து திரும்புகிறார். காரைக்காலில் மது விலை குறைவு. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி அதை அனுமதியின்றி இங்கே கொண்டுவருவது குற்றம். அதனால்தான் வாஞ்சூர், நண்டலாறு போன்ற இடங்களில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் ‘இந்தப் பையைக் கொஞ்சம் உங்கள் காலடியில் வையுங்கள்’ என்றால் மறுத்துவிடுங்கள். யார் பை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

அரிசிக்கும் பர்மிட்

தஞ்சை விளைவித்த நெல், தஞ்சையைத் தாண்ட அனுமதி கேட்ட காலம் உண்டு. 1957-இல் சென்னை மாநிலம், ஆந்திரம், மைசூர், கேரளம் நான்கும் ஒரே அரிசி மண்டலமாக இருந்தன. 1964-இல் அது உடைந்து, ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமானது. 1977-இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மாவட்ட எல்லையிலும் செக்போஸ்ட் போட்டு மூட்டைகளைத் தேடினார்கள். நகரத்து ரேஷன் கடைக்கு அரிசி சேர வேண்டும் என்பது அரசின் கவலை, அது நியாயமான கவலைதான். ஆனால் மகள் வீட்டுக்குச் சொந்த வயல் அரிசியை எடுத்துப்போன தாயும், லாரியில் கடத்திய வியாபாரியும் ஒரே பார்வைக்கு ஆளானார்கள். அளவைப் பார்க்கும் விதி ஆளையும் பார்க்க வேண்டும்.

ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் இருந்தால்

தேர்தல் காலத்தில் பறக்கும் படை வண்டியை மறிக்கும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் அது எங்கிருந்து வந்தது, எதற்குப் போகிறது என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். நெல் விற்ற ரசீது, வங்கியில் எடுத்த சீட்டு, நகைக்கடன் ரசீது, மாடு வாங்கப் போகிறவர் என்றால் பாஸ்புக் நகல் போன்றவை உதவும். பணத்தை எடுத்துக்கொண்டாலும் அஞ்ச வேண்டாம். ரசீது கேட்டு வாங்குங்கள். மாவட்ட அளவில் இதற்கென்றே ஒரு குறைதீர்ப்புக் குழு உண்டு. தேர்தலோடு தொடர்பில்லை என்று காட்டினால் பணத்தை விடுவிக்க அதற்கு அதிகாரம் இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை

திருச்சி விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி தடுத்து நிறுத்துவதற்குப் பல நேரம் காரணமாவது ‘இ.சி.ஆர்.’ (எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு) என்ற குறிப்பு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் அது இருக்கும். அப்படிப்பட்டவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி பெற வேண்டும். இது அவமானம் அன்று. ஏமாறக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு. ‘டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஏஜென்ட், அந்தப் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே இழுக்கிறார். பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்பதை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு மறக்காமல் சேருங்கள்.

கசகசாவும் குருவியும்

குருமாவுக்கு அரைக்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைப்பொருள், சிங்கப்பூரில் கட்டுப்பாட்டுப் பொருள். போதைச் செடியின் விதை என்பதால் அங்கே சட்டம் கடுமை. ஊரிலிருந்து மசாலா கட்டிக்கொடுக்கும் அம்மாக்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்தவர் சரக்கைச் சுமந்து பறக்கும் ‘குருவி’ வேலையில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் சிங்கப்பூரில் மரண தண்டனை வரை போகும். பை உங்கள் கையில் இருந்தால், உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றே அந்த நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. டிக்கெட் இலவசம் என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டோடு ஒரு கரை, இல்லாமல் ஒரு தீவு

2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம், கையில் பாஸ்போர்ட் வேண்டும். ஆனால் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் இந்திய யாத்திரிகருக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவையில்லை. இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு தந்த உரிமை அது. பயணத்துக்கு முன் அதிகாரிகளிடம் பெயர் பதிய வேண்டும்.

கடலில் கோடு

1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கடல் எல்லைக்கு வேலியும் இல்லை, கல்லும் இல்லை. காற்றும் நீரோட்டமும் இன்ஜின் கோளாறும் நாகை மீனவரை அதற்கு அப்பால் தள்ளுவதுண்டு. மீன் தேடிப் போவதும் உண்டு. அந்தக் கரையில் இருப்பவரும் தமிழ் மீனவர்தான். போரில் எல்லாம் இழந்து மீண்டும் வலை விரித்தவர் அவர். இழுவை மடி அவர் வலையை அறுக்கிறது என்பதும் உண்மை. 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தது. இரண்டு பக்கத்துப் பசியையும் ஒரே மேசையில் வைத்துப் பேசாமல் இதற்குத் தீர்வு இல்லை.

அதுவரை, பிடிபடும் ஒவ்வொருவருக்கும் ஓர் உரிமை தெரிந்திருக்க வேண்டும். வேற்று நாட்டில் கைதானவர், தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு அதைத் தருகிறது. யாழ்ப்பாணத்திலேயே 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இயங்குகிறது. ‘எங்கள் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்கத் தமிழே போதும். அக்கரைப்பேட்டையிலும் கோடியக்கரையிலும் வலை பின்னக் கற்றுக்கொடுக்கும்போதே, பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியத்தையும் கற்றுக்கொடுங்கள்.