பராமரிப்பவருக்கு யார் துணை?

கொரோனா பெருந்தொற்றை ஒட்டி 2020 மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, பக்கவாதத்தால் படுத்த தந்தைக்கோ நினைவு மங்கிய தாய்க்கோ ஊதியமின்றித் துணைநிற்கும் குடும்பப் பராமரிப்பாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வெளி உதவி நின்றுபோன நிலையில் முழுச்சுமையையும் தனித்தே தாங்கினர். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பவருக்கே காய்ச்சல் கண்டால், அந்த வேலையை யார் ஏற்பது என்ற கவலை பல வீடுகளை வாட்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும், குணமாக்க இயலாத நோயிலும் வலியைத் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுவந்தது. நோயாளிக்கு இது பேருதவி. பராமரிப்பவர் ஓய்வெடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் தற்காலிகமாகப் பொறுப்பேற்கும் மாற்றுப் பராமரிப்பும் அடுத்த பெருந்தொற்றுக்கு முன்பே ஊர்தோறும் அமைய வேண்டும்.