பழைய வில்லை வாங்கும் முன்

வில் தமிழருக்குப் புதியதன்று. சேர மன்னர்கள் வில்லையே தங்கள் சின்னமாகக் கொண்டிருந்தனர். கொல்லிமலையை ஆண்ட ஓரி, வில்லாற்றலால் ‘வல்வில் ஓரி’ எனப் பெயர் பெற்றான். அவன் எய்த ஒரே அம்பு யானை முதல் உடும்பு வரை ஐந்து விலங்குகளை ஊடுருவிச் சென்றதாகப் புறநானூறு பாடுகிறது. அன்று போருக்கும் வேட்டைக்கும் பயன்பட்ட வில், இன்று மனத்தை ஒருமுகப்படுத்தும் விளையாட்டாக நம் பள்ளிகளிலும் இடம்பெற்றுள்ளது.

குருபோங் வட்டாரத்தில் வாழும் மாணவர் ஒருவர் மரபு வில்லில் பயிற்சி பெற விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். கைவினைஞர் செய்த புதிய வில்லின் விலை அவருடைய குடும்பத்துக்குச் சுமையாக இருக்கலாம். அப்போது பிறர் பயன்படுத்திய வில்லை வாங்கும் எண்ணம் எழும். அது நல்ல எண்ணமே. ஆயினும், பழைய மிதிவண்டியில் பழுதிருந்தால் அது நடுவழியில் நின்றுவிடும். பழைய வில்லில் பழுதிருந்தாலோ அது முகத்தின் அருகிலேயே முறியும். எனவே, இங்குக் காக்க வேண்டியது பணத்தை மட்டுமன்று, கண்ணையும்தான்.

நெடுவில் என்பது ஏறத்தாழ எய்பவரின் உயரமே உள்ள, மரத்தாலான வில். இங்கிலாந்தில் இதனை யூ என்னும் மரத்தில் செய்தனர். 1545ஆம் ஆண்டில் மூழ்கி, 1982இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பலில் இத்தகைய விற்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. இன்றைய நெடுவிற்கள் பல, மரப்பட்டைகளையும் மூங்கிற்பட்டையையும் பசையால் ஒட்டிச் செய்யப்படுகின்றன.

வில்லை இழுக்கும்போது இலக்கை நோக்கிய வெளிப்பக்கம் நீட்டப்படுகிறது. எய்பவரை நோக்கிய உள்பக்கம் அழுத்தப்படுகிறது. இந்த உண்மையை அறிந்தவருக்குப் பழுதை எங்கே தேட வேண்டும் என்பது விளங்கும்.

முதலில், நாண் பூட்டாத நிலையில் வில்லை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தில் சிறிது பஞ்சை வைத்து மெல்லத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத சிலாம்புகூடப் பஞ்சைப் பற்றி இழுக்கும். மரநார் மேலெழுந்த வில் முறியும் தறுவாயில் இருக்கலாம். உள்பக்கத்தில் குறுக்காக ஓடும் மெல்லிய கோடுகள், அழுத்தம் தாங்காமல் மரநார் நசுங்கியதைக் காட்டும். இவ்விரண்டில் எது இருந்தாலும் அந்த வில்லை வாங்காமல் இருப்பதே நன்று. ஒட்டு வில்லாயின், பட்டைகளுக்கு இடையே பசை விட்டிருக்கிறதா எனப் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். மெருகுப் பூச்சில் மட்டும் உள்ள கீறல் அழகைக் கெடுக்கும், வலிமையைக் கெடுக்காது.

அடுத்து, வில்லின் வளைவைக் கவனிக்க வேண்டும். நாணைக் கழற்றிய பிறகும் மரவில் எய்பவர் பக்கமாகச் சற்று வளைந்தே இருக்கும். ஓரிரு அங்குல வளைவு இயல்பானது. அதற்கும் மிகுதியாக வளைந்திருந்தால், வில் நாணேற்றிய நிலையிலேயே நெடுநாள் விடப்பட்டிருக்கலாம். அல்லது ஈரம் ஏறிய மரம் தளர்ந்திருக்கலாம். நம் நாட்டின் ஈரக் காற்றில் இதற்கு வாய்ப்பு அதிகம். அத்தகைய வில் உடனே முறியாவிட்டாலும் அம்பை வேகமாகச் செலுத்தாது.

பின்னர், விற்பவரையே நாணேற்றச் சொல்ல வேண்டும். நாண் வில்லின் நடுவே நேர்கோடாக ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் வில் முறுக்கிக்கொண்டது எனப் பொருள். மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சீராக வளைய வேண்டும். மேற்பாதி இம்மியளவு கூடுதலாக வளைவது நெடுவில்லுக்கு இயல்பு. ஓரிடம் மட்டும் மடிந்தாற்போல் வளைந்தால், முழுச் சுமையும் அந்த இடத்தில்தான் விழுகிறது என்று அறியலாம். வில்லை மெதுவாக, சிறிது சிறிதாக இழுத்துப் பார்க்கலாம். ஆனால், அம்பு இல்லாமல் நாணை விட்டுவிடக் கூடாது. அம்புக்குச் செல்ல வேண்டிய ஆற்றல் வில்லுக்கே திரும்பி, நல்ல வில்லையும் உடைத்துவிடும்.

வில் பழுதின்றி இருந்தாலும் அது நமக்குப் பொருந்த வேண்டும். வில்லின் மீது 28 அங்குலத்துக்கு 40 பவுண்டு என எழுதியிருந்தால், நாணை அந்தத் தொலைவு இழுக்கும்போது 40 பவுண்டு விசை தேவைப்படும் என்பது பொருள். பழகத் தொடங்கும் மாணவருக்கு ஏறத்தாழ 20 முதல் 25 பவுண்டு போதும். மிகுந்த விசையுள்ள வில் தோளைப் புண்படுத்தும். தவறான பழக்கத்தையும் உண்டாக்கும். அதேபோல, 28 அங்குலத்துக்கு எனச் செய்த வில்லை நீண்ட கையுடையவர் 30 அங்குலம் இழுத்தால் அது முறியக்கூடும்.

இனி, விலை. ஒருவர் 300 ரிங்கிட் கேட்கிறார் எனக் கொள்வோம். நாண் நைந்திருந்தால் புதிய நாணின் செலவையும், வில்லின் விசைக்கேற்ற அம்புகளின் செலவையும் அதனுடன் கூட்ட வேண்டும். அந்தத் தொகை புதிய வில்லின் விலையை நெருங்கினால், பழையதை வாங்குவதில் பயனில்லை. வில்லைச் செய்தவர் யார், எவ்வளவு காலம் பயன்பட்டது, எங்கே வைக்கப்பட்டிருந்தது எனக் கேட்பதும் தவறன்று. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த வில்லைவிட, நாண் கழற்றி நிழலில் கிடையாக வைக்கப்பட்ட வில்லே மதிப்புடையது. பழையது என்பதாலேயே ஒரு வில் விலை உயர்ந்ததாகிவிடாது. சுவரில் மாட்டி அழகு பார்க்கும் பழம்பொருள் வேறு. நாள்தோறும் எய்யும் கருவி வேறு.

ஐயம் எழுந்தால் பயிற்றுநரை உடன் அழைத்துச் செல்வது சிறப்பு. கண்ட குறையை விற்பவரிடம் பணிவுடன் எடுத்துக் கூறலாம். அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். வில்லைத் தொட்டுப் பார்க்கவும் விடாதவரிடம் அதனை வாங்காமல் திரும்புவதே அறிவுடைமை. பளபளப்பைக் கண்டு மயங்காமல், பொருளின் இயல்பை ஆராய்ந்து வாங்குபவரின் பணமும் வீணாகாது, உடலும் ஊறுபடாது.