ரேடியேற்றர் செட்டைகள் வளைந்தால்

திரவத்தினால் குளிராக்கப்படும் மோட்டார் சைக்கிளின் ரேடியேற்றரில், குழாய்களுக்கிடையே மெல்லிய அலுமினியச் செட்டைகள் உண்டு. சூடான திரவத்தின் வெப்பம் கடத்தல் மூலம் செட்டைகளை அடைய, ஊடே செல்லும் காற்று அதனை அகற்றுகின்றது. கல் பட்டோ, உயர் அமுக்க நீரினாலோ செட்டைகள் மடிந்தால் காற்றோட்டம் தடைப்பட்டு எஞ்சின் மிகையாகச் சூடேறலாம்.

சீர்செய்யும் முறை:

1. எஞ்சின் நன்கு குளிரும்வரை காத்திருங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறவாதீர்கள். அமுக்கத்திலுள்ள திரவம் சீறிப் பாய்ந்து சுட்டுவிடும்.
2. சேற்றைப் பின்புறமிருந்து மெதுவாக நீரூற்றிக் கழுவுங்கள்.
3. சிறிய தட்டையான திருகாணி செலுத்தியால் செட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும்.
4. குழாயில் முனை படக்கூடாது. துளை விழுந்தால் திரவம் கசியும்.

வினா: செட்டைகளின் பயன் யாது?
விடை: காற்றுடன் தொடுகையுறும் பரப்பளவை அதிகரித்து, வெப்பம் விரைவாக வெளியேற உதவுதல்.