சிஸ்டம் அடிக்கடி சாயுதா? ஃபார்மட்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

நாளைக்குக் காலையில ப்ராஜெக்ட் வைவா. ராத்திரி பதினொன்றரை மணி. கடைசி சாப்டரை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை நீலமாகி, சிஸ்டம் தானாகவே ரீஸ்டார்ட்! 'வைரஸ்டா மச்சி, ஃபார்மட் பண்ணிடு' என்பான் ரூம்மேட். பண்ணிய பிறகும் மறுநாளே அதே நீலத்திரை வந்தால்? குற்றவாளி பெரும்பாலும் விண்டோஸ் இல்லை பாஸ்... ஹார்டுவேர்!

முதல் வேலை, ப்ராஜெக்டை பென் டிரைவில் காப்பி எடுப்பது. துப்பறியறதெல்லாம் அப்புறம்.

எப்போது சாய்கிறது என்று கவனியுங்க. அதுதான் க்ளூ.

கேம் ஆட ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் பட்டென்று ஆஃப் ஆகிறதா? சூடு மேல் சந்தேகம். ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் மெஷினே அணைந்துவிடும். ஃபேனில் அடைந்த தூசியும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும்தான் வழக்கமான வில்லன்கள்.

சூடு நார்மல், ஆனாலும் லோடு ஏறினதும் அணைகிறதா? பவர் சப்ளையைப் பாருங்க. நண்பனோடதைக் கடன் வாங்கி மாட்டினால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே பிரிக்காதீங்க. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்!

நேரம் காலமில்லாமல், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எரர் வருகிறதா? ரேமாக இருக்கலாம். 'மெம்டெஸ்ட்86' இலவசமாகவே கிடைக்கும். பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். ரேமுக்கு அரியர்ஸ் கிடையாது! இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எது கெட்டது என்று புரியும்.

ஃபைலைத் திறந்தாலே தொங்குகிறதா? 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போட்டு ஹார்டு டிஸ்க்கின் உடம்பைச் செக் பண்ணுங்க.

ப்ராசஸரே குற்றவாளி ஆவதும் உண்டு. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் வோல்டேஜ் கோளாறால் க்ராஷ் வருவதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தமும், கூடுதலாக 2 வருஷ வாரண்ட்டியும் கொடுத்தது.

ஒரே ஒரு ரூல்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாச்சுன்னு தெரியாது.

சில சமயம் ரேமைக் கழற்றி அழுத்தி மாட்டினாலே போதும்... புது மதர்போர்டுக்கு அப்பாகிட்ட கை நீட்ட வேண்டிய காசு மிச்சம்!