கடிகாரத்துக்குள் நம் குயில் ஏன் இல்லை?

லப்பைக்குடிக்காட்டின் வெள்ளாற்றங்கரை மரங்களில் சித்திரை மாதம் கூவும் குயிலும், குக்கூ கடிகாரத்தின் கதவைத் திறந்துகொண்டு வரும் மரப்பறவையும் ஒன்றேதான் என்று பலரும் நினைக்கிறோம். குயில் கடிகாரம் என்று பெயரும் வைத்துவிட்டோம். காது கொடுத்துக் கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். நம் குயிலின் குரல் கீழிருந்து மேலே இழைந்து ஏறும். அடுத்தடுத்த கூவலில் இன்னும் உச்சத்துக்குப் போகும். கடிகாரப் பறவையோ முதலில் மேல் சுரம், அடுத்துக் கீழ்ச் சுரம் என்று இரண்டே ஒலியில் இறங்கி நின்றுவிடும். அது ஐரோப்பாவின் சாம்பல் நிறக் குக்கூ. நம் கருங்குயிலுக்குச் சொந்தம்தான், ஆனால் வேறு பறவை. அந்தக் கடிகாரம் பிறந்த கதைக்கு இந்தச் சின்ன வேறுபாடே சாவி என்பேன்.

கடிகாரப் பெட்டியின் உள்ளே இரண்டு மரக்குழல்கள் நிற்கும். ஒன்று குட்டை, மற்றது நெட்டை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குட்டித் துருத்தி. கொல்லுப்பட்டறையிலும் ஆர்மோனியத்திலும் நாம் பார்த்த அதே துருத்திதான், காகிதத்தாலோ மெல்லிய தோலாலோ செய்தது. மணி ஆனதும் பூட்டு விலகும், பல்சக்கரம் சுழலும், நெம்புகோல் துருத்தியின் மேல்பலகையைத் தூக்கிவிட்டு நழுவும். பலகை தன் எடையிலேயே அமரும்போது காற்று குழலின் வாயில் புகுந்து ஒலிக்கும். குட்டைக் குழலுக்கு மேல் சுரம், நெட்டைக்குக் கீழ்ச் சுரம். பறவை பாடுவதே இல்லை. கம்பி இழுக்கும் இழுப்புக்கு வெளியே வந்து தலையாட்டுகிறது, அவ்வளவுதான். நீளம் மாறாத குழல் ஒரே சுரத்தைத்தான் தரும். ஆகவே வழுக்கி ஏறும் குரலை இந்த அமைப்பால் எழுப்ப முடியாது. இரண்டு சுரத்தோடு நிற்கும் குக்கூவோ இதற்கென்றே பிறந்ததுபோல் பொருந்தியது.

வசந்தத்தின் தூதன் என்று ஐரோப்பியர் கொண்டாடியதால்தான் குக்கூவுக்கு இந்த இடம் கிடைத்தது என்று சொல்லலாம். அப்படியானால் நைட்டிங்கேலை அவர்கள் அதைவிடக் கொண்டாடினார்களே! அதன் பாட்டு இரண்டு குழலில் அடங்காது. சேவலையும் எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ராஸ்பர்க் தேவாலயத்தின் 14ஆம் நூற்றாண்டுக் கடிகாரத்தில் சிறகடித்துக் கூவும் இயந்திரச் சேவல் இருந்தது. பொழுதைச் சொல்வதில் சேவலுக்குத்தான் மூத்த உரிமை. ஆனாலும் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது குக்கூதான்.

ஜெர்மனியின் கருங்காட்டு மக்களின் கைத்திறனை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று இன்னொரு மறுப்பு வரலாம். மரம் மலிந்த ஊர், நீண்ட பனிக்காலம், வீட்டுக்குள் செய்யும் தொழில்: கடிகாரம் விலை குறைந்து பரவ இவை காரணம் என்பது உண்மை. அங்குள்ள ஷோன்வால்ட் ஊரின் ஃப்ரான்ஸ் அன்டன் கெட்டரர் 1730களில் குக்கூ கடிகாரத்தைக் கண்டுபிடித்தார் என்று சொல்வதும் உண்டு. ஆனால் 1629இலேயே ஃபிலிப் ஹைன்ஹோஃபர் என்பவர் குக்கூ கடிகாரம் ஒன்றைப் பற்றி எழுதிவிட்டார். 1650இல் வெளிவந்த தம் இசை நூலில் அதனாசியஸ் கிர்ஷர் இயந்திரக் குக்கூவின் அமைப்பை விளக்கிவிட்டார். கருங்காட்டார் குக்கூவைக் கண்டுபிடிக்கவில்லை, ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்று நாம் பார்க்கும் கூரைவீட்டு வடிவம்கூடப் பின்னால் வந்ததுதான். 1850இல் கருங்காட்டின் ஃபுர்ட்வாங்கன் கடிகாரப் பள்ளியின் தலைவர் ராபர்ட் கெர்விக் புதிய வடிவங்கள் கேட்டு அறிவிப்பு விட்டார். ரயில்வே கட்டடங்களை வடிவமைத்துவந்த ஃப்ரீட்ரிஷ் ஐசன்லோர் ரயில்பாதைக் காவலர் வீட்டையே கடிகாரமாக வரைந்து அனுப்பினார். சுவிட்சர்லாந்துச் சரக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய பேட்டரிக் கடிகாரத்தில் பதிவு செய்த எந்தக் குரலும் ஒலிக்கும். விரும்பினால் வெள்ளாற்றங்கரைக் குயிலையும் கூவ வைக்கலாம். அதில் தொங்கும் பைன் காய் வடிவங்கள் வெறும் அலங்காரம்; துருத்திக் கடிகாரத்தில் அவையே அதை ஓட்டும் எடைகள். வாங்கும்போது அந்தக் காய்களைக் கையில் ஏந்திப் பாருங்கள். இரும்பாய்க் கனத்து, சங்கிலியை இழுத்தால் மேலே ஏறுமானால் உள்ளே துருத்தி இருக்கிறது.