எண்ணும் பொருளும் – 9: ஒட்டுவது இங்கே, படிப்பது எங்கே?

கண்டியிலிருந்து தென்னக்கும்புர பாலத்தைத் தாண்டி மஹியங்கனை வீதியில் போகிறவர்களுக்குப் பல்லேகல கைத்தொழில் பேட்டை புதிதல்ல. அங்கோ நாட்டின் வேறெந்தக் கார்மண்டிலோ தைத்து முடிந்த சட்டைக்கு, பெட்டிக்குள் போகுமுன் விலையட்டை மாட்டுவார்கள். வெளிநாட்டுப் பெரிய கடைகளுக்குப் போகும் அட்டைகள் பலவற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே வெள்ளிக்கோடு ஒன்று வளைந்து நெளிந்து ஓடும். நடுவில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி. கோடு அன்டெனா, புள்ளி சிப். இதுதான் ஆர்எஃப்ஐடி லேபல்.

அதில் பேட்டரி கிடையாது. ரீடர் என்ற கருவி வானொலி அலையை வீசுகிறது. அன்டெனா அதில் ஒரு துளியைப் பிடித்துச் சிப்புக்கு ஊட்டுகிறது. ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே இன்றைய சிப் விழித்துக்கொள்ளும். விழித்ததும் அது சொந்தமாக அலை எதையும் அனுப்புவதில்லை. தன்மேல் பட்டுத் திரும்பும் அலையைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ரீடர் எண்ணாகப் படிக்கிறது. தத்துவம் பழையது. 1945இல் மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்குச் சோவியத் சிறுவர்கள் பரிசளித்த மரச் சின்னத்துக்குள் இருந்த ஒட்டுக்கேட்கும் கருவியும் இப்படித்தான் வேலை செய்தது. வெளியிலிருந்து அலை பாய்ச்சும்போது மட்டும் உயிர்பெறும் கருவி என்பதால் 1952 வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

மூடிய பெட்டிக்குள் ஐம்பது சட்டை இருந்தால் ஐம்பதும் ஒரே நேரத்தில் கத்தாதா? வகுப்பில் ஆசிரியை இடாப்பு கூப்பிடும்போது எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து “ஆம் மிஸ்” என்றால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஆகவே ரீடர் ஒவ்வொரு லேபலையும் ஓர் எண்ணை எழுந்தமானமாக எடுக்கச் சொல்லி, முறை வைத்துப் பதில் வாங்குகிறது. இரண்டு லேபல்கள் மோதினால் மறுபடி எண் எடுக்க வேண்டும். இந்தப் பஞ்சாயத்தெல்லாம் முடிந்தும் நொடிக்கு நூற்றுக்கணக்கான லேபல்களைப் படித்துவிடலாம்.

சென்ற வாரம் பார்த்த பட்டைக்குறி “இது நீல நிற நடுத்தர அளவுச் சட்டை” என்பதோடு நின்றுவிடும். ஆர்எஃப்ஐடி லேபலிலுள்ள 96 பிட் எண்ணோ ஒவ்வொரு சட்டைக்கும் தனி. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2003இலேயே கடையில் இதைச் சோதித்துப் பார்த்தது. அதே ஆண்டு வால்மார்ட் தன் முதல் நூறு விநியோகஸ்தர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பலகைத் தட்டுகளிலும் லேபல் ஒட்ட வேண்டும் என்று கட்டளையே போட்டது. சிப்பின் விலை அன்று அதற்கு இடம் கொடுக்கவில்லை, திட்டம் தள்ளாடியது. இன்று சில அமெரிக்கச் சதங்களுக்கு லேபல் கிடைக்கிறது. யுனிக்லோ கடையில் துணிகளைத் தொட்டிக்குள் போட்டதும் மொத்தத் தொகை திரையில் வந்துவிடுகிறது.

ஒட்டும் வேலை நம்மிடம், எண்ணிப் பார்க்கும் வசதி அவர்களிடம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பெட்டியில் இரண்டு சட்டை குறைந்தது, அளவு மாறிப்போனது என்று வாங்குபவர் பணத்தைப் பிடித்தால், கார்மண்ட் காட்டும் சான்று என்ன? பெட்டியை ஒட்டி மூடிய கையோடு ஒரு ரீடர் கூண்டு வழியாக அனுப்பி அந்தப் பட்டியலைச் சேமித்து வைத்திருந்தால், வாதாட ஒரு துரும்பாவது இருக்கும். அந்தக் கூண்டை வாங்காமல் லேபலை மட்டும் ஒட்டுகிற தொழிற்சாலை, அடுத்தவன் கணக்குக்குக் கூலி வேலை செய்கிறது.

எல்லாப் பொருளுக்கும் இது ஒத்துவராது. துணிக்கு வாய்த்தது தேயிலைக்கு வாய்ப்பதில்லை. ஏற்றுமதித் தேயிலை அலுமினியத் தாள் பொதிந்த கடதாசி மூட்டையில் போகிறது. உலோகத்தின் மேல் ஒட்டிய சாதாரண லேபல் ஊமையாகிவிடும். கீழே சில மில்லிமீட்டர் பஞ்சு வைத்தோ, கொடிபோல வெளியே நீட்டியோதான் அதைப் பேசவைக்க முடியும். தண்ணீரும் ஆகாது, 900 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய இந்த அலையை அது விழுங்கிவிடும். ஆகவே விலங்குகளின் தோலுக்கடியில் வைக்கும் சிப்புக்கு 134.2 கிலோஹேர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசை. தமிழ்நாட்டுக் கோயில் யானைகளுக்கு வைப்பது இந்த இனந்தான். பக்கத்தில் போய்க் கருவியைப் பிடித்தால்தான் படிக்கும். பெரஹரவில் தள்ளி நின்று யானை எண்ண உதவாது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஆளுக்கோர் ஆர்எஃப்ஐடி அட்டை கொடுத்துத் தராசோடு இணைப்பது மூட்டையில் லேபல் ஒட்டுவதைவிடச் சுலபம். எந்தக் கொழுந்து யாருடையது என்ற சண்டை அதோடு தீரும். ஆனால் ஈரக் கழிவு, சாக்குக் கழிவு என்று எத்தனை கிலோ வெட்டப்பட்டது என்பதை அட்டை தானாகக் கேட்காது. வெட்டிய கிலோவும் அதே பதிவில் ஏறி, கொழுந்து எடுத்த அக்காவின் கைக்குத் துண்டுச் சீட்டாக வந்தால்தான், தனக்கு ஏன் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தது என்று அவர் கணக்கப்பிள்ளையிடம் கேட்க முடியும்.

(தொடரும்)